கார் கதவைத் திறந்து இறங்கிய பிறகு அது வேறு வழக்கு

ஊரையும் துறையையும் நீக்கிவிட்டு, வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலக உதவியாளர். மாலையில் டியூஷன் முடிந்த மகளை அழைத்துக்கொண்டு காரில் வீடு திரும்பியிருக்கிறார். உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் இடப்பக்கமாக ஸ்கூட்டரில் நுழைந்து முந்தியதில், காரின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிவிட்டது. இளைஞர் நிற்கவில்லை. இவர் ஹாரனை அழுத்தியபடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துரத்திப் போய், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் காரைக் குறுக்கே போட்டு மறித்து, ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, இரண்டு அறை விட்டிருக்கிறார். இரண்டாவது அறையில் இளைஞர் ஸ்கூட்டரோடு சாய்ந்து விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பங்கில் நின்ற யாரோ எடுத்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இளைஞர் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டார். வரும் திங்கட்கிழமை வாசகரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை. தப்புச் செய்தவனைத் தட்டிக் கேட்டது குற்றமா? ‘அவன் பர்ஸைப் பறிக்கப் பார்த்தான் என்று நாமும் ஒரு புகார் கொடுப்போம்’ என்கிறார் மைத்துனர், கொடுக்கலாமா? டேஷ்கேம் பதிவை அழித்துவிடலாமா? மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? எஃப்.ஐ.ஆர். போட்டால் வேலை போய்விடுமா? கடைசியில் ஒரு வரி: “நான் இயல்பில் அமைதியானவன். ஆனால் என் மகள் இனி என்னோடு காரில் வர மாட்டேன் என்கிறாள்.”

இனி உங்களிடமே பேசுகிறேன். கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் பூசி மெழுகப் போவதில்லை.

கண்ணாடிக் கணக்கு வேறு, கைக் கணக்கு வேறு

சாலைத் தகராறில் அடித்துவிட்டு வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதல் பத்து நிமிடம் அடித்ததைப் பற்றிப் பேசுவதே இல்லை. எதிராளி எப்படி வந்தார், எந்தப் பக்கம் நுழைந்தார், இண்டிகேட்டர் போட்டாரா என்பதையே விவரிப்பார்கள். உங்கள் கடிதமும் அப்படித்தான். முதல் இரண்டு பக்கம் கண்ணாடி, மூன்றாம் பக்கத்தில் தான் அறை.

கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமல் போனது தவறுதான். விபத்தில் சிக்கிய வாகனத்தை நிறுத்த வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-வது பிரிவு. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு நீங்கள் புகார் கொடுத்திருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கண்ணாடிச் செலவையும் இன்சூரன்ஸிலோ அவரிடமோ கேட்டிருக்கலாம். அந்த உரிமை இப்போதும் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அதை வைத்து உங்கள் அறையைக் கழித்துக்கொள்ள முடியாது. நீதிமன்றத்தில் இவை இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் எழுதப்படும் கணக்குகள்.

தற்காப்பு என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல முடியாது. தற்காப்பு உரிமை ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே உண்டு. உங்கள் விஷயத்தில் கண்ணாடி உடைந்து முடிந்துவிட்டது, அவர் உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். காவல்துறையை அழைக்க அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது என்று, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-வது பிரிவு சொல்கிறது. ‘ஆத்திரமூட்டப்பட்டதால் அடித்தேன்’ என்பது இன்னொரு வாதம். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் காயம் ஏற்படுத்தினால் தண்டனையைக் குறைக்கும் பிரிவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் துரத்திய பிறகு ‘திடீர்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, அவர் கழற்றும் வரை காத்திருந்து, பிறகு அறைந்திருக்கிறீர்கள். தன்னை மறந்த கோபத்தில் இருப்பவர் அப்படிக் காத்திருப்பாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்த இளைஞர் கையை ஊன்றினார். ஊன்றாமல் ஹெல்மெட் இல்லாத தலை தரையில் மோதியிருந்தால் நீங்கள் இப்போது எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில், வண்டியை நடுச்சாலையில் நிறுத்தியது தொடர்பாக எழுந்த தகராறில், கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து குர்னாம் சிங் என்ற 65 வயதுக்காரரைக் கையால் அடித்தார். அந்த முதியவர் இறந்துபோனார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை என்றது, 2018-ல் உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடித்தது. அதுவும் முடிவாகவில்லை. 2022 மே 19 அன்று சீராய்வில் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. உடல் வலிமை உள்ளவரின் கையே ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னார்கள். தெருவில் கழிந்த சில நிமிடங்கள், 33 ஆண்டுகள் கழித்து, அமைச்சர் பதவிவரை போய்வந்த ஒருவரைச் சிறைக்குள் அனுப்பின.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே கண்ணாடியை, கட்சிக்கொடி கட்டிய பெரிய காரில் நான்கு பேரோடு வந்த ஒருவர் உடைத்திருந்தால் இறங்கியிருப்பீர்களா? சாலைக் கோபம் கண்மூடித்தனமானது என்கிறார்கள். நான் பார்த்த வழக்குகளில் அது யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று நன்றாகவே பார்த்து வைத்திருந்தது.

எந்தப் பிரிவுகள் வரும்?

தமிழ்நாட்டில் அடிதடி வழக்கு என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்ற மூன்றும் சேர்ந்தே வரும். இப்போது எண்கள் மட்டும் மாறியிருக்கின்றன: ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), காயம் ஏற்படுத்தியதற்கு 115(2), மிரட்டியதற்கு 351. காரைக் குறுக்கே போட்டுச் சாவியைப் பிடுங்கியதால் வழிமறித்தலுக்கான 126(2)-ம் சேரும். துரத்திய விதத்துக்காக அபாயகரமாக வாகனம் ஓட்டிய குற்றத்தையும் சேர்க்கலாம்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த மணிக்கட்டு விரிசல். எலும்பு முறிவு என்றால் சட்டத்தின் கணக்கில் அது ‘கொடுங்காயம்’. 117(2)-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ‘ரெண்டு அறைதானே’ என்று உங்கள் நண்பர்கள் ஆறுதல் சொல்வது இந்த எக்ஸ்ரேயைப் பார்க்காமல். அதே சமயம், கொடுங்காயம் ஏற்பட்டது மட்டும் போதாது. அதை ஏற்படுத்தும் எண்ணமோ, ஏற்படக்கூடும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கன்னத்தில் அறைந்தவருக்கு மணிக்கட்டு முறியும் என்று தெரிந்திருக்குமா என்பது நியாயமாக வாதாடக்கூடிய விஷயம். இது 117-லிருந்து 115-க்கு இறங்கினால் அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறையும். உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் எக்ஸ்ரே அறிக்கையும்தான்.

நான் சொன்ன முக்கியப் பிரிவுகள் ஜாமீனில் விடக்கூடியவை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்றால், ஆஜராகச் சொல்லி 35(3) நோட்டீஸ் கொடுத்தாலே போதும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. ஆகவே தலைமறைவாகப் போக வேண்டாம். அழைத்த நாளில் போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி திறக்கும்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குக் கவலை இருக்கிறது. “கோபத்தில் என்னென்னவோ சொல்லித் திட்டினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘என்னென்னவோ’வில் சாதிப் பெயர் இருந்ததா? அந்த இளைஞர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதில் முன்ஜாமீனுக்கு 18-வது பிரிவு தடை போடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள். வீடியோவில் ஒலியும் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மைத்துனரின் யோசனை

எதிர்ப்புகார் கொடுத்து, ‘உன் வழக்கை நீ எடு, என் வழக்கை நான் எடுக்கிறேன்’ என்று பேரம் பேசுவது நம் ஊரில் பழகிப்போன வழி. உங்கள் மைத்துனர் அதைத்தான் சொல்கிறார். கண்ணாடி உடைந்ததற்கு உண்மையான புகார் கொடுங்கள், தப்பில்லை. பர்ஸைப் பறித்தார் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்க் குற்றச்சாட்டு. 248-வது பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வழிப்பறி போன்ற பெரிய குற்றத்தைச் சாட்டி வழக்கு நடந்தால் அது பத்து ஆண்டு வரை போகும். அறையை மறைக்க இன்னொரு பெரிய குற்றத்தைச் செய்யச் சொல்கிறார். பங்கில் கேமரா இல்லாமலா இருக்கும்? வாட்ஸ்அப் வீடியோவில் அவருடைய இரு கைகளும் ஹெல்மெட் வாரில் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை மைத்துனரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

டேஷ்கேம் பதிவும் அப்படித்தான். சாட்சியமாகக் கேட்கப்படும் என்று தெரிந்தே மின்னணுப் பதிவை அழிப்பது 241-வது பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. அதைவிட, அந்தப் பதிவு உங்களுக்கு எதிரி என்று ஏன் முடிவு செய்தீர்கள்? இளைஞர் இடப்பக்கம் நுழைந்து கண்ணாடியை உடைத்ததும் நிற்காமல் போனதும் வேறு யாருடைய போனிலும் இல்லை, உங்கள் டேஷ்கேமில் மட்டும்தான் இருக்கிறது. டேஷ்கேம் கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கிவிடும். ஆகவே இன்றே காரை எடுக்காமல், கார்டைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். போனுக்கு மாற்றுவது, வெட்டுவது, குடும்பக் குழுவில் போடுவது எதுவும் வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

மன்னிப்பும் சமரசமும்

இந்த வழக்கில் எனக்குச் சரியென்று படும் வழி சமரசம்தான். அதற்குக் காரணம் வெறும் பயம் மட்டுமல்ல. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, ஓட்டாத நாளில் அவருக்கு வருமானம் இல்லை. மாதச் சம்பளக்காரரான நீங்கள் அதை முதலில் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்பது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுமா என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த இளைஞருக்கு நீங்களே அனுப்பும் ‘அடித்தது தப்புத்தான் தம்பி’ என்ற வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றத்தில் காட்டலாம். அவர் வீட்டுக்கு நேரில் போவதும் ஆபத்து, மிரட்ட வந்ததாக ஒரு வரி எழுதினால் போதும். வழக்கறிஞர் மூலமாகவோ, இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவர் மூலமாகவோ பேசுங்கள். சிகிச்சைச் செலவு, கட்டுப் பிரிக்கும் வரை இழந்த வருமானம், ஸ்கூட்டர் பழுது என்று கணக்குப் போட்டு, ஒரு ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுங்கள். கண்ணாடிக் காசை அதில் கழிக்காதீர்கள். பணத்தைக் காவல் நிலையத்தில் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

இப்போது சி.எஸ்.ஆர். நிலையில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குக் கிடைத்த அவகாசம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் சமரசக் கடிதம் வழக்கை முடிக்காது. காயம், வழிமறித்தல் ஆகியவற்றை இரு தரப்பும் தாங்களே சமரசம் செய்துகொள்ளலாம். கொடுங்காயம் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். 296(பி) அந்தப் பட்டியலிலேயே இல்லை, அது சேர்ந்துவிட்டால் இருவரும் சம்மதித்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரி மனுப்போட வேண்டியிருக்கும். செலவும் அலைச்சலும் அங்கேதான். ஆனால் ஒன்று, கொடுங்காயம் என்று மருத்துவ அறிக்கை சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டியது காவல்துறையின் கடமை. சமரசம் பேசுகிறோம் என்பதற்காக அதைத் தடுக்க யாரையும் ‘கவனிக்க’ப் போகாதீர்கள்.

இளைஞர் சமரசத்துக்கு மறுத்தால்? மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்போது வழக்கை நேராகச் சந்திப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை விஷயத்தில் உங்கள் பயம் அளவுக்கு மீறியது. எஃப்.ஐ.ஆர். பதிவானதால் மட்டும் யாருடைய அரசு வேலையும் போய்விடாது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணி இடைநீக்கம் ஆனதாகவே கருதப்படும் என்பது உங்கள் ஒழுங்கு விதிகளில் 17(இ). குற்றப்பத்திரிகை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வில் சிக்கல் வரும். தண்டனை கிடைத்தால் துறை நடவடிக்கை. அலுவலகத்தில் மறைத்து வைப்பது பின்னால் தனிக் குற்றச்சாட்டாக முளைக்கும், வழக்கறிஞரைக் கேட்டு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் அமைதியானவரா?

இயல்பில் அமைதியானவன் என்கிறீர்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே, போன வருடம் சுங்கச்சாவடியில் ஊழியரின் சட்டையைப் பிடித்ததும், தனியார் பஸ் ஒன்றை முந்திப்போய் ஓட்டுநரோடு சண்டை போட்டதும் வருகின்றன. ‘அவர்கள் அப்படி நடந்துகொண்டார்கள்’ என்று இரண்டையும் கடந்துவிட்டீர்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் நீங்கள் அமைதியானவர் என்பதை நம்புகிறேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வேறு ஆளாகிறீர்கள்.

நான் மனநல மருத்துவர் அல்ல. ஆனால் கட்சிக்காரர்களிடம் ஒன்றை வலியுறுத்துவேன்: என்ன ஆனாலும் கதவைத் திறக்காதீர்கள். திட்ட வேண்டுமென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே திட்டுங்கள். வண்டி எண்ணை உரக்கச் சொல்லுங்கள், டேஷ்கேம் பதிந்துகொள்ளும். ஓரமாக நிறுத்தி 112-ஐ அழையுங்கள். யாராவது உங்களைத் துரத்தினால் வீட்டுக்குப் போகாமல் ஆள் நடமாட்டமுள்ள பங்குக்கோ காவல் நிலையத்துக்கோ வண்டியை விடுங்கள். உங்கள் மாலை நேரக் கணக்கையும் பாருங்கள். ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்தை விட்டு ஆறு மணிக்கு டியூஷன் வாசலில் நிற்க வேண்டும் என்றால், அந்த நெரிசலில் எதிரே வரும் ஒவ்வொருவரும் உங்கள் நேரத்தைத் திருடுகிறவராகவே தெரிவார். மகளை இருபது நிமிடம் டியூஷனிலேயே உட்காரச் சொல்லலாம். மூன்றாவது முறை நடந்திருப்பதால், அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துப் பேசிப் பாருங்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மகள் பின்னிருக்கையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ‘அந்த அண்ணன்தான் அப்பாவை முதலில் அடித்தான் என்று சொல்’ என்று மைத்துனர் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். பதினோரு வயதுக் குழந்தையைப் பொய்ச் சாட்சியாகத் தயார் செய்வது சட்டப்படி என்ன ஆகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காரில் ஏறவே பயப்படுகிறவளிடம் இதையும் சுமத்தாதீர்கள். அப்பா செய்தது தப்பு, அதைச் சரிசெய்யப் பார்க்கிறேன் என்று நீங்களே அவளிடம் சொல்லலாம். அதை யாரும் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்கப் போவதில்லை. சில நாட்களுக்கு அவள் அம்மாவோடு பஸ்ஸில் வரட்டும்.

நாளை காலை மெமரி கார்டோடும் சம்மனோடும் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் பிரச்சினை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கேளுங்கள், அங்கே உதவி பெறத் தகுதி உண்டா என்று சொல்வார்கள். திங்கட்கிழமை அவரையோ உங்கள் மனைவியையோ உடன் அழைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே போய்விடுங்கள். ஆட்டோவில் போங்கள்.